பச்சைக் கற்பூரம் போட்ட சாக்லேட் உருண்டை

என் கொழுந்தனார் மனைவி கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி எங்கள் காரைக்குடி வீட்டு மாடிக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சே சர்க்கரை. "ஏனுங்க்கா, சாப்பிட்டாச்சுங்களா" என்று மாடிப்படியில் நின்று கேட்பாள். சாப்பிட்ட சாப்பாடு எனக்குச் செரிக்காது. அவளிடம் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் அவள்மேல் எனக்கிருந்த பெரிய குறை.

அவள் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறாள். அதில் பேர்போனது புதினா மணக்கும் சாக்லேட் உருண்டை. டிரஃபிள் என்பாள். மேலே கோகோ பவுடர், உள்ளே வெண்ணெய் மாதிரி கரையும், கரைந்த பிறகு தொண்டையில் சில்லென்று ஒரு குளுமை. கண்டனூரில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போடக்கூட அவளிடம்தான் வாங்கினார்கள். விற்கட்டும், நன்றாக இருக்கட்டும். எனக்கு வயிறு எரிந்தது அதனால் இல்லை. என் மகளால்.

நான் தேவகோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பஸ் பிடித்து வீடு வந்து சேர ஆறு மணியாகும். மகள் நான்கு மணிக்கே வந்துவிடுவாள். இடையில் இரண்டு மணி நேரமும் மாடியில்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மேலே இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் கூப்பிட்டதும் சிரிப்பு நிற்கும். இறங்கி வருகிறவளின் உதட்டோரத்தில் கோகோ பவுடர் ஒட்டியிருக்கும். ஒருநாள் "கை கால் கழுவு" என்றேன். "சரிங்கம்மா" என்றாள். பத்து வருடம் நான் வளர்த்த பிள்ளையின் வாயில் கோயம்புத்தூர்.

கணவரிடம் சொன்னேன். "ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்லுவாக. நல்ல புள்ள அது, விடு" என்றார். அந்தப் பழமொழியைச் சொன்னவருக்கு, அந்த ஊரார் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று தோன்றவேயில்லை போலிருக்கிறது.

மகளுக்குப் பதினோராவது பிறந்தநாள் வந்தது. வகுப்பில் எல்லோருக்கும் கொடுக்கச் சித்தி செய்கிற உருண்டைதான் வேண்டும் என்றாள்.

"நான் செஞ்சு தாரேன்" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதேம்மா."

"நீதான் தினம் பார்க்குறியே. சொல்லு."

சொன்னாள். கிரீமைப் பொங்க விடாமல் சுட வைத்து, நறுக்கிய சாக்லேட்மேல் ஊற்றி, கட்டியில்லாமல் கலக்க வேண்டும். வெண்ணெய் ஒரு கரண்டி. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து உருட்ட வேண்டும். விரலை மடக்கி மடக்கி ஒரு சமையல்காரி மாதிரி ஒப்பித்தாள்.

"அந்தக் குளுமை எதுல வருது?"

மகள் கீழே பார்த்தாள். "அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சித்தி சொன்னாக."

யாரிடமும் என்றால் அதில் நானும் அடக்கம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதினாதானே என்று ஒரு கட்டு வாங்கி அரைத்துச் சாறு பிழிந்து ஊற்றினேன். சாக்லேட் திரிந்து மணல் மணலாகப் போனது. வாசனை பிரியாணிக்கடை வாசனை. அதைக் கொட்டிவிட்டு யோசித்தேன். நம் வீட்டில் சர்க்கரைப் பொங்கலுக்குக் குளுமை எதில் வருகிறது? பச்சைக் கற்பூரத்தில். எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. கடுகளவு போட வேண்டியதை, அவள் உருண்டையை மிஞ்ச வேண்டும் என்று மிளகளவு போட்டேன்.

உருட்டுவதிலும் என் கை என்னை ஏமாற்றியது. மாவுருண்டை பிடிப்பதில் எங்கள் வகையறாவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. கொதிக்கிற நெய்யை மாவில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பிடித்துவிடுவேன். அதே பழக்கத்தில், ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னதை மறந்து, இளஞ்சூட்டிலேயே உருட்டினேன். உள்ளங்கையில் பிடித்த உருண்டை முழங்கை வரை வழிந்தது. அப்புறம்தான் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, ஒருவழியாக உருட்டி முடித்தேன். ஒன்று கொழுக்கட்டை போல, ஒன்று கோலிக்குண்டு போல வந்தது. வாயில் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மகளும் ஒன்று தின்றுவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள். இரண்டு டம்ளர்.

மறுநாள் காலை அத்தனையையும் டிபன் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். சித்தியிடம் ஆசீர்வாதம் வாங்கி வருகிறேன் என்று டப்பாவோடு மாடிக்குப் போய், இறங்கி, பள்ளிக்கூடம் போனாள். மாலையில் டப்பா காலியாக வந்தது. "எல்லாரும் இன்னொண்ணு இன்னொண்ணுன்னு கேட்டாங்கம்மா." நான் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அந்த ஒரு வாரம் மாடியிலிருந்து வந்த சிரிப்பைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கொழுந்தனார் மனைவி போன் செய்தாள். இருவரும் திருப்பத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். "அக்கா, ராத்திரி இங்கயே தங்கிக்கிறோமுங்க. ஃப்ரிட்ஜ்ல பால் இருக்குதுங்க, கெட்டுப்போயிரும், எடுத்துக்குங்க்கா." மகள் நடனப் பள்ளிக்குப் போயிருந்தாள். நான் மாடிக்குப் போனேன்.

பாலுக்குப் பின்னால் ஒரு டப்பா. பக்கத்தில் பெப்பர்மின்ட் எசன்ஸ் குப்பி, கடைவீதியில் யாருக்கும் கிடைக்கிற சாதாரணக் குப்பி. அவ்வளவுதான் அந்தப் பெரிய ரகசியம். டப்பாவின் மூடியில் நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டுகிற லேபிள் ஒட்டியிருந்தது. மகள் கையெழுத்து. பெயர் என்ற இடத்தில், அம்மா செஞ்சது. பாடம் என்ற இடத்தில், தூக்கிப் போடாதீங்க சித்தி.

உள்ளே என் கொழுக்கட்டைகளும் கோலிக்குண்டுகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. வகுப்பில் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றது சித்தி செய்ததை. நான் மனம் நோகக் கூடாது என்று இருவரும் சேர்ந்து பேசி, மாற்றி, மறைத்திருக்கிறார்கள். தூக்கிப் போட மனம் வராத மகளை நினைத்து அழுகை வந்தது. அந்த மனதை என்னிடம் காட்டாமல் மாடியில் கொண்டுபோய் வைத்தாளே என்று அதைவிட அதிகமாக எரிந்தது. நின்றபடியே ஒன்றை எடுத்துத் தின்றேன். அரைக் கோயில் வாய்க்குள் வந்தது. மூடியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பாலோடு இறங்கினேன்.

மகள் வந்ததும் மாடிப்படியைப் பார்த்தாள். "சித்தி நாளைக்குத்தான் வருவா" என்றேன். "பாலை எடுத்துக்கச் சொன்னா."

"பால் மட்டுந்தான் எடுத்தியாம்மா?"

"ஆமா."

கிட்டே வந்தாள். என் வாயருகே மூக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பச்சைக் கற்பூரம் லேசில் போகிற வாசனை இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாக, "நீ பாத்தேன்னு சித்திகிட்டச் சொல்லாதம்மா. பாவம்" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

மறுநாள் கொழுந்தனார் மனைவி வந்து இறங்கினாள். "ஏனுங்க்கா, பால் எடுத்துக்கிட்டீங்களா?" அவளுக்குப் பின்னால் மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துத்தான் நின்றாள்.

"எடுத்துக்கிட்டேன்" என்றேன். சித்திக்கு ஒன்றும் தெரியாது.