உம்மாவின் குழாயில் மட்டும் வராத சூடு

சமைக்கிற குசினியில் சுடுதண்ணீர் வந்தது. மேல்மாடியில் நான் குளிக்கும் ஷவரிலும் வந்தது. கீழே உம்மாவின் குளியலறையில் மட்டும் வெதுவெதுப்பைவிடக் கேடான ஒன்று வந்தது. மொட்டை மாடியில் வெயிலில் சுடும் தண்ணீர்த் தாங்கி ஒன்றுதான். அதிலிருந்து ஒரு குழாய் குசினிக்குப் போகிறது, இன்னொன்று என் குளியலறைக்கு வந்து அப்படியே உம்மாவிடம் இறங்குகிறது.

குழாய் வேலை செய்யும் பைப் பாஸ் முதலில் மழையைக் குற்றம் சொன்னார். மழை விட்டது, கல்முனை வெயில் தலையைப் பிளந்தது, உம்மாவின் குழாய் மட்டும் திருந்தவில்லை. இரண்டாம் முறை வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சுவருக்குள்ள பைப் உடஞ்சு போயிட்டு ராத்தா. மேலயிரிந்து கீழ வரைக்கும் உடைக்கணும். பத்து நாளாவது செல்லும். உம்மாவ எங்கயாவது அனுப்புங்க."

உம்மாவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன் செய்து இரண்டு மாதம். சாப்பாட்டை நான் கொண்டு போகிறேன், கட்டிலிலிருந்து நான் எழுப்புகிறேன். குளிப்பு மட்டும்தான் அவவுடைய சொந்தக் காரியமாக இருந்தது. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கதவுக்கு உள்ளே கொண்டி போட்டுக்கொண்டு, நேரமெடுத்துக் குளிப்பா. குழாய் பழுதான பிறகு நான் வாளியில் சுடுதண்ணீர் கொண்டு போய் ஊற்ற வேண்டியதாயிற்று. கொண்டியும் போடக்கூடாது. அவ சுவர்ப் பக்கம் திரும்பியே இருப்பா. ஒருநாள் சொன்னா, "உசிரோட மையித்துக் குளிப்பாட்டுற மாதிரி இரிக்கி மகள்." எனக்கு வாளியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

உம்மாவின் மூத்த மகன், என் காக்காவுக்கு பாஸின் தீர்ப்பு தேனாக இனித்தது. "உம்மாவ என்ட ஊட்ட கூட்டிப் போறன். வெள்ளிக்கிழம ஓட்டோவோட வாறன்" என்றார்.

"காக்கா, நீங்க இரிக்கிறது மதினிட ஊடு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். இந்த வீட்டையும் உம்மாதான் என் கலியாணத்தில் எனக்கு எழுதித் தந்தா, தனக்கென்று கீழறை ஒன்றை வைத்துக்கொண்டு. மருமகளுடைய வீட்டில் போய்ப் படுக்கிற உம்மாவை ஊர் எப்படிப் பார்க்கும் என்று காக்காவுக்குத் தெரியாதா? உம்மாவிடம் கேட்டேன். "ஊட்டத்தான் எழுதித் தந்த நான். நான் போறதெண்டு எழுதல்ல" என்றா.

கட்டாரிலிருந்து என் கணவரும் போனில் காக்காவின் பக்கமே கதைத்தார். பாஸ், காக்கா, இவர் என்று மூன்று ஆம்பிளைகளும் ஒரே வாய். ஒருவர்கூட மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்கவில்லை. என் சுவரில் சுத்தியல் படுவதற்கு முன் எனக்குக் காரணம் தெரிய வேண்டும் என்றேன். நான் ஏறப் போகிறேன் என்றதும் காக்கா, "பொம்புள மேல ஏறி நிண்டா பாக்கிறவங்க என்ன செல்லுவாங்க?" என்றார். தண்ணி பார்க்கிறா என்று சொல்வாங்க என்றேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிபோல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். எனக்கு இந்த வேலை தெரியாது. ஆனால் தண்ணீர் ஒரு இடத்திலிருந்துதான் வர வேண்டும் என்கிற அளவுக்குப் புத்தி இருக்கிறது. தாங்கியிலிருந்து எங்கள் குளியலறைகளுக்கு இறங்கும் சுடுதண்ணீர்க் குழாயின் வால்வை இறுக்கிப் பூட்டினேன். இனி உம்மாவின் சுடுதண்ணீர்க் குழாயில் ஒரு சொட்டும் வரக்கூடாது. இறங்கிப் போய்த் திறந்தேன். வந்தது, பச்சைத் தண்ணீராக, நிற்காமல் வந்தது.

அப்போது விளங்கியது. சுவருக்குள் குழாய் உடைந்திருந்தால் தண்ணீர் வெளியே போகும், இப்படி உள்ளே வராது. எங்கேயோ குளிர்தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுகிறது. உம்மாவின் குழாயை ஓடவிட்டு, வீட்டிலுள்ள திருகிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தேன். உம்மாவின் அறையில், குசினியில் பூட்டியும் ஒரு மாற்றமும் இல்லை. என் ஷவரைப் பூட்டினேன், இல்லை. கடைசியாக, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் என் வுழூக் குழாயைப் பூட்டினேன். கீழே சத்தம் நின்றது. "தண்ணி நிண்டிட்டு மகள்" என்று உம்மா குரல் கொடுத்தா.

நான் அப்படியே ஈரத் தரையில் குந்திவிட்டேன். அந்தக் குழாயை ஒரு மாதத்துக்கு முன் மாற்றியமைத்தது நானேதான். கைவிசை வைத்த ஹோஸ் ஒன்றை வாங்கிப் பொருத்தி, சூடும் குளிரும் அளவாகக் கலக்கும்படி இரண்டு திருகிகளையும் திறந்தபடியே விட்டிருந்தேன். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பி விசையை அழுத்தினால் போதும், வுழூச் செய்து, தொழுதுவிட்டுக் கெதியாக உம்மாவிடம் இறங்கலாம். விசையை விட்டதும் தண்ணீர் நின்றுவிடும் என்று நினைத்தேன். என் கையில் நின்றது உண்மைதான். ஆனால் சுடுதண்ணீர்த் தாங்கியைவிட உயரத்தில் இருக்கும் மற்றத் தாங்கியின் குளிர்தண்ணீர் வெளியே வழி இல்லாமல், திறந்திருந்த திருகி வழியாகச் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. என் ஷவர் அதற்கு முன்னாலேயே பிரிவதால் அதில் சூடு தப்பியது. ஒரு மாதமாக உம்மாவின் கொண்டியைப் பறித்தது நான்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சுவரை உடைக்க விட்டிருந்தால் சுவரும் போயிருக்கும், உம்மாவும் போயிருப்பா, புதுக் குழாயிலும் அதே பச்சைத் தண்ணீர்தான் வந்திருக்கும். அதை நினைத்ததும் எழும்பினேன். மேலே போய் வால்வைத் திறந்தேன். கீழே வந்து உம்மாவிடம், "என்ட பிழதான் உம்மா" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவ குழாயின் கீழ் கையை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தா. கை சிவக்கும் வரை எடுக்கவில்லை.

"சரி, நீ வெளிய போ" என்றா. கதவு சாத்தியது. கொண்டி விழும் சத்தம் கேட்டது.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் காக்கா ஓட்டோவோடு வந்து நின்றார். "உம்மா ரெடியா?"

"குளிக்கிறா."

"நீ இஞ்ச நிக்கிறாய். ஆரு ஊத்துற?"

குளியலறைக் கதவைக் காட்டினேன். உள்ளே தண்ணீர் சாவகாசமாக விழுந்துகொண்டிருந்தது. காக்கா கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை. வாசலில் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

"ஆருக்கு ஓட்டோ, மகன்?" என்று உள்ளேயிருந்து உம்மா கேட்டா.