மேபலும் பொதிக் கம்பனியின் ஓட்டையும்

கணினி ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு இப்போது கம்பனிகள் பரிசு கொடுக்கின்றனவாம். எங்கள் மேபலுக்கு 2007இல் கிடைத்தது பதினொரு நாள் மறியல் சிறை. அதற்குக் காரணமான மனேஜரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

மேபல் கொட்டாஞ்சேனைக்காரி. தகப்பன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். மருதானையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வெள்ளவத்தையில் என் இன்டர்நெட் கடைக்கு வேலைக்கு வந்தாள். பூட்டிய எதைக் கண்டாலும் ஒருதரம் இழுத்துப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சரிவராது.

லண்டனுக்குப் பொதி அனுப்பிய ஒருவருக்காக ஒரு நாள் பொதிக் கம்பனியின் இணையத்தளத்தில் ரசீது இலக்கத்தைத் தட்டினாள். கடைசி எண்ணை மாற்றினால் வேறொருவரின் விலாசம், அடையாள அட்டை, கொழும்பில் தங்கும் தமிழர் எடுத்து வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் வந்து நின்றன. ஆட்களைக் கடத்திக்கொண்டு வெள்ளை வான் திரிந்த காலம். எந்தத் தமிழன் எந்த அறையில் இருக்கிறான் என்று யாரும் பார்க்கலாம்.

கம்பனி மனேஜர் சிவபாதசுந்தரத்துக்கு மேபல் கடிதம் எழுதினாள். யாரும் கேட்காமலே தன் அடையாள அட்டைப் பிரதியையும் பொலிஸ் பதிவுப் பிரதியையும் சேர்த்து இணைத்தாள். எந்தக் காகிதத்தோடும் அவற்றை நீட்டிப் பழகிப்போன சனம் நாங்கள். அந்த மனுசன் எல்லாவற்றையும் அப்படியே பொலிசிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கம்பனிக் கணினிக்குள் புலி புகுந்துவிட்டது என்றார். தன் விசுவாசத்தைக் காட்ட அவருக்கு ஒரு தமிழ்ப் பெட்டை தேவைப்பட்டாள்.

பதினொரு நாள் மறியலில் இருந்து வெளியே வந்தவள் முதல் வேலையாக ரசீது இலக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். ஓட்டை அப்படியே இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்து ஊருக்கு விடு பிள்ளை. அவர் நாறட்டும்," என்றேன்.

"அதில இருக்கிறது எங்கட சனம் அக்கா. எனக்கு அவர் மட்டும் காணும்."

சிங்கப்பூரிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஓட்டையையும், தான் முதலில் அறிவித்த திகதியையும், பதினொரு நாளையும் எழுதினாள். ஒரு வாரத்தில் ஓட்டை அடைபட்டது. மறுவாரம் சிவபாதசுந்தரத்தின் வேலை போனது. அன்று கடைக்கு வந்த எல்லாருக்கும் நான் பிளேன்டீ கொடுத்தேன்.

அவர் வவுனியாவிலிருந்து வந்து லொட்ஜில் அறை எடுத்திருந்தவர். கொழும்பில் நிற்கப் பொலிசுக்குச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே காரணம் அந்த வேலை. காரணமில்லாத தமிழர்களைப் பொலிஸ் லொட்ஜுகளிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கு அனுப்பிய ஆனி மாதம் அது. காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு காலை என் கடைக்கும் வந்தார்.

"தங்கச்சி, இங்க வேலை செய்யிறன் எண்டு ஒரு கடிதம் தந்தாக் காணும்."

ஆளை எனக்குத் தெரியும். "கடிதம் அடிக்கிறது அவதான். கேளுங்கோ," என்று மேபலைக் காட்டினேன்.

மேபல் அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பிறகு திருப்பி நீட்டினாள்.

"என்ர பேர் மேபல், ஐயா. நான் கடிதம் எழுதினா ஆக்கள் உள்ளுக்குப் போகவேண்டி வரும். உங்களுக்குத் தெரியாததே?"

அவர் காகிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பாவம் என்று சொன்ன பக்கத்துக் கடைக்காரியோடு நான் ஒரு மாதம் கதைக்கவில்லை.

அவரை ஏற்றிய செய்தி கேட்ட அன்று மத்தியானம் மேபல் இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மறியலால் வந்த பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதை நான் அன்றுதான் கண்டேன்.