இறைக்க இறைக்க உப்பு

சுனாமிக்கு அடுத்த வருடம் கிளிநொச்சியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகளில் எதன் தண்ணீரைக் குடிக்கலாம், எதில் இன்னும் உப்பு இருக்கிறது என்று காட்டும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்வது என் வேலை. அந்தக் கிணறுகளில் ஒன்று அக்காவுடையது. அத்தானையும் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோன வீட்டு வளவில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. அக்கா அன்று விசுவமடுவில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள்.

அவளுக்கு ஒரே ஒரு விருப்பம்தான் மீதியிருந்தது. வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில் உலை வைக்க வேண்டும். பிள்ளைகள் குடித்து வளர்ந்த தண்ணீர். நான் அவள் இருந்த தற்காலிகக் கொட்டிலுக்குப் போகும் போதெல்லாம் கிணறு நல்லா வந்திட்டுதோ என்றுதான் கேட்பாள். இன்னும் இல்லை என்பேன். வேறு கதை எங்களுக்குள் இருக்கவில்லை.

அக்காவுடையது உட்படச் சில கிணறுகளில் உப்பை அளக்கும் கருவியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரவு பகலாக, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானாக ஒரு வரி எழுதும். எல்லாக் கிணறுகளின் வரிகளும் அலுவலகக் கணினியில் சேர்ந்து கோப்பு ஊதிப்போனது. என்னுடைய முதல் நிரலோ சரியான பெருந்தீனிக்காரன். கோப்பு முழுவதையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டுத்தான் கணக்குப் பார்க்கத் தொடங்கும். விழுங்கும்போதே நினைவகம் நிரம்பிச் செத்துவிடும். திரையில் வெள்ளைப் பக்கம் மட்டும் நிற்கும். பெரிய கணினி கேட்டுக் கொழும்புக்கு எழுதலாம் என்றார் பொறுப்பாளர். அது எப்போது பாதையில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வருவது என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஆகவே ஸ்ட்ரீமாக வாசிக்கும்படி நிரலை மாற்றினேன். கோப்பைத் திற. ஒரு வரியை எடு, கணக்கில் சேர், பக்கத்துக்கு அனுப்பு, மறந்துவிடு, அடுத்த வரியை எடு. கோப்பு எவ்வளவு பெருத்தாலும் கணினியின் கையில் ஒரு வரிதான் இருக்கும். வெள்ளைப் பக்கம் அதன்பிறகு வரவில்லை. வரிகள் ஓடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். வந்தன, போயின, ஒன்றும் தங்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வருடம் முழுவதும் எனக்கு அழுகையே வரவில்லை.

இப்படி வாசிப்பதில் ஒரு சிக்கல். போன வரியைத் திரும்பிப் பார்க்க முடியாது. ஒப்பிட வேண்டுமானால் எதையாவது கையில் வைத்துக்கொண்டுதான் நகர வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் கடைசி அளவை மட்டும் வைத்துக்கொண்டேன். புதியது அதைவிடக் கூடினால் பக்கத்தில் சிவப்பு விழும்.

அக்காவின் கிணற்றைத் திறந்தேன். கிழமை முழுவதும் உப்பு மெல்ல மெல்ல இறங்கியது. ஞாயிறு வந்ததும் சிவப்பு. அடுத்த ஞாயிறும் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அக்கா அயலவர்களைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பம்பும் கொண்டுபோய், கிணற்றை அடிமட்டத்துக்கு இறைத்துக் கழுவுவாள். எங்கள் ஆட்களுக்கு இறைத்த கிணறுதான் சுத்தமான கிணறு. கரையோர மணலில் அது சரிவராது. கிணறு வெறுமையானால் கீழிருந்து கடல் ஏறிவரும்.

போய்ச் சொன்னேன். "இனி இறைக்க வேண்டாம், அக்கா. இறைக்க இறைக்க உப்புத்தான் கூடுது."

"முதல் இறைப்பில சின்னவளின்ர செருப்பு ஒண்டு வந்தது. மற்றது இன்னும் வரேல்லை," என்றாள்.

எனக்குத் தெரியாத விசயம். அவள் கிணற்றைக் கழுவுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மழைக்கு விட்டால் திவசத்துக்குள் தண்ணீர் தெளியலாம், இறைத்தால் தெளியாது என்று மட்டும் திரும்பவும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு சிவப்பு விழவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் விழவில்லை. மாரி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் பக்கத்தைத் திறந்து, வரிகள் ஓடி முடியும்வரை இருந்து பார்த்தேன். உப்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் திவசத்தன்றும் குடிக்கலாம் என்ற கோட்டுக்கு மேலேதான் நின்றது. அக்காவிடம் அதை மறைக்கவில்லை. அவள் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

கிணற்றடியிலேயே மூன்று கல் வைத்துச் சமைத்தாள். படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது என்பதால் எதையும் வாயில் வைக்கவில்லை. மூன்று இலைகளில் படைத்து முடித்த பிறகு எனக்குப் போட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கறிக்கு உப்புக் காணுமோ?"

"ஓம், காணும். அளவா இருக்கு."

"நான் உப்புப் போடேல்லை, தம்பி," என்றாள்.