நசீமா நடந்த கடற்கரை

விடிவதற்கு முன் தேங்காய்ப்பட்டணம் கடற்கரை மணல் சில்லென்று இருக்கும். அலை வந்து போன ஈரத்தில் கால் வைத்தால் குதிகால் மெல்ல உள்ளே இறங்கும். தூரத்தில் படகு விளக்குகள்... கடல் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத ஒரு சாம்பல் நிறம். பக்கத்தில் நசீமாவின் மூச்சுச் சத்தம்.

அப்போது நான் கருங்கலில் ஒரு பள்ளியில் டீச்சர். சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம். தினமும் போய்வர முடியாது என்று தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ் வீடு நசீமாவுடையது. என் வயதுதான். கணவர் சவுதியில். வீட்டில் அவளும், உம்மாவும், தம்பி ஷாஜகானும்.

ஷாஜகானுக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்திருந்தன. திருவனந்தபுரத்துக்கு டயாலிசிஸுக்குப் போய் வருவான். உம்மாவுக்குச் சர்க்கரை, அவரால் கிட்னி கொடுக்க முடியாது. நசீமாவின் கிட்னி பொருந்தி வந்தது. ஆனால் டாக்டர் சம்மதிக்கவில்லை. எடை அதிகம், பிரஷரும் கூடுதல், இரண்டையும் குறைத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் என் அறைக்கு மாடிப்படி ஏறி வந்தாள். பாதிப் படியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, நாளைக்கு காலம்பற என்கூட நடக்க வருவியா? ஒத்தைக்குப் போவ ஒருமாதிரி இருக்கு."

பெண்கள் வாக்கிங் போகிற பழக்கம் அப்போது அங்கே இல்லை. அவள் விடியற்காலை சுபுஹு தொழுது முடித்ததும், ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் கிளம்பினோம்.

முதல் நாள் அவள் நடக்கவில்லை... ஓடினாள். காலில் ரப்பர் செருப்பு, மேலே பர்தா, மனசெல்லாம் தம்பி. நான் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. கொஞ்ச தூரத்தில் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டது. போதாக்குறைக்குச் சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தாள், தலைசுற்றல் வேறு.

அடுத்த தடவை தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அந்த மலையாளிப் பெண் சிரிக்கவில்லையாம். உடம்பைப் பயமுறுத்தாமல் பழக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம். முதலில் கொஞ்ச நேரம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கு. பிறகு வேகமாக நட, ஆனால் பேச முடிகிற அளவுக்குத்தான் வேகம். பாட்டுப் பாட முடிந்தால் அந்த வேகம் போதாது. ஒரு வாரம் பழகிய பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டு. வாரத்தில் ஒரு நாள் உடம்புக்கு லீவு கொடு. பட்டினி கிடக்காதே, சதை கரைந்து பலம்தான் போகும்...

எனக்கு அந்தக் காலைகளில் இப்போதும் நினைவிருப்பது பேச்சுதான். பேச முடிய வேண்டும் என்பதற்காகவே பேசினோம். அவளுக்குக் கல்யாணமான புதிதில் கணவர் கொண்டுவந்த சென்ட், என் வகுப்புப் பிள்ளைகளின் சேட்டை, எங்கள் ஊர் வயலில் தண்ணீர் பாயும் சத்தம்... ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வரை போவோம். அங்கே பனி புகைபோல நிற்கும். கதை முடியாவிட்டால் திரும்பி நடப்பதே தெரியாது. வீட்டுக்கு வந்து, மணல் நிரப்பிய பாட்டில்களைக் கையில் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவாள். கைகாலுக்கு வலு வர வேண்டுமாம். உம்மா பார்த்துக்கொண்டே புட்டு அவிப்பார்.

ஆனாலும் எடை சட்டென்று இறங்கவில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து, முன்னறையில் தம்பி படுத்திருந்த கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அழுதாள். இனி நடக்கப் போவதில்லை என்றாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

ஷாஜகான் அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவான். டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பில் மெல்லத்தான் சொன்னான்.

"லாத்தா, கிட்னி கிடைச்சா கிடைக்கட்டு, இல்லன்னா போவட்டு. காலம்பற நீ நடந்துட்டு வந்து வாசல்ல செருப்பைக் களத்துத சத்தம் கேட்டாத்தான் எனக்கும் எந்திரிக்கணும்னு தோணுகு. அதை மட்டும் நிறுத்தாண்டாம்."

மறுநாள் நான் எழும்பும் முன்னே கீழே வாசலில் தயாராக நின்றாள். அன்று மட்டும் பேசாமலே பொழிமுகம் வரை நடந்தோம்.

அதன் பிறகு எடை இறங்கத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக... அவளுக்கே தெரியாமல். அடுத்த மழைக்காலத்தில் பிரஷரும் அடங்கிவிட்டது. டாக்டர் சம்மதித்தார். ஆபரேஷன் முடிந்து நான் பார்க்கப் போனபோது, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நின்று, தம்பிக்கு மூத்திரம் நல்லா போகுது என்று சொன்னாள். அதைவிட அழகான செய்தியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். இங்கே அப்பார்ட்மென்டைச் சுற்றி நடக்க டைல்ஸ் பாதை இருக்கிறது. எல்லோர் காதிலும் இயர்போன். நானும் மாட்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.

போன லீவில் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போயிருந்தேன். நாங்கள் நடந்த மணலில் பாதி இப்போது இல்லை. கல் கொட்டியிருக்கிறார்கள். எனக்கும் நசீமாவுக்கும் ரோட்டோரமாகத்தான் நடக்க முடிந்தது. எதிரே கூட்டம் கூட்டமாகப் பெண்கள், ஷூ போட்டு, கைவீசி... யாரும் அவர்களை வேடிக்கை பார்க்கவில்லை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் எங்கள் இரண்டு பேர் குரல் மட்டும் கேட்ட அந்த விடியற்காலை... அது வேறு ஏதோ ஓர் உலகம் மாதிரி இருக்கிறது.

கூடவே ஷாஜகானின் மகளும் வந்திருந்தாள். அவன் குணமாகி, கல்யாணமாகி, அதற்கும் பிறகு பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவளாம். எங்கள் நடை அவளுக்குச் சரிப்படவில்லை. அத்தை நசீமாவிடம் கேட்டாள்.

"மாமி, நான் முன்னால போவட்டா?"

நசீமா தலையசைத்தாள். பிள்ளை ஓடினாள். பின்னல் முதுகில் துள்ள, ரோட்டின் வளைவு வரைக்கும்... அதற்கு அப்பாலும்.

நசீமா அவளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.