பராமரிப்பே வேண்டாத வீடு

ஞானமேரி கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்த வருஷம்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது. ஊருக்குப் புதிதாகக் கலெக்டர் வந்தார். ஞானமேரியின் வீட்டுக்குப் புதிதாகப் பிரம்பு சோபா வந்தது. அந்தக் கலெக்டருக்கு மாற்றல் வந்தது, அடுத்தவருக்கும் வந்தது, அதற்கடுத்தவருக்கும் வந்தது. சோபா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

சோபாவைப் புதுச்சேரியிலிருந்து வேனில் ஏற்றி வந்தவர் அவளுடைய புருஷன் வளன். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். காலையில் ரயிலேறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். பிளாஸ்டிக் என்றால் அவருக்கு ஆகாது. கல்யாணச் சீராக ஞானமேரியின் அண்ணன் அனந்தபுரத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து போட்ட நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா’ என்று அவள் பின்னால் பலமுறை நினைத்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

முதல் கோடையில் சோபா அழுக்கேறியது. மற்ற சாமான்களைப் போல அதற்கும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, சித்திரை வெயிலில் வாசலில் தூக்கிப் போட்டாள். மத்தியானத்துக்குள் பிரம்பு படபடவென்று வெடித்தது. கட்டு இரண்டு இடத்தில் விட்டுப்போனது. அவள் பயந்துபோய் ஈரத்துணியைச் சுற்றி நிழலில் வைத்து, அறுந்த கட்டைச் சணலால் இறுக்கி, மேலே ஒரு துண்டை விரித்து மறைத்தாள். வளன் வந்து துண்டின் மேலேயே உட்கார்ந்து, “இன்னா குளுமை பாத்தியா, பிளாஸ்டிக்ல வருமா இது” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்த பேஜாரு. பிரம்புக்கு உப்புத் தண்ணீரில் பிழிந்த துணிதான் ஆகும், வெயில் ஆகாது, இடுக்கில் இருக்கும் தூசிக்குப் பழைய டூத் பிரஷ் வேண்டும் என்பதை அவள் கெட்டுக் கெட்டுத்தான் கற்றுக்கொண்டாள். அது கைக்கு வருவதற்குள் வாத்தியார் ஜன்னலுக்கு மூங்கில் தட்டி வாங்கி வந்தார். மூங்கிலைத் துளைக்கிற வண்டு ஒன்று உண்டு. ராத்திரியெல்லாம் அரித்துவிட்டு, காலையில் ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் மாவைக் கொட்டி வைத்திருக்கும். அதற்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்து ஒவ்வொரு குச்சியாகத் தடவ வேண்டும். ஒரு தட்டிக்கு நூற்றுப் பத்துக் குச்சி, ஜன்னல்கள் மூன்று. பிறகு சுரைக்குடுக்கையில் செய்த விளக்கு வந்தது, சுவரில் மாட்டக் கோரைப்பாய் வந்தது, தேங்காய் நாரில் ஏதோ ஒரு மிருகம் வந்தது. அது யானையா ஆமையா என்று இன்றுவரை அந்த வீட்டில் தீர்மானமாகவில்லை. நாரில் தூசி அடைவதில் மட்டும் சந்தேகமே இல்லை.

இதற்கெல்லாம் நேரம்? பக்கத்துக் கிராமத்தில் அவள் பால்வாடி டீச்சர். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து, சத்துமாவு உருண்டை கொடுத்து, பதிவேடு எழுதி, டவுன் பஸ்ஸைப் பிடித்து நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் இந்தப் பிள்ளைகள் காத்திருக்கும். பெற்ற பிள்ளை மெர்லினாவது பசித்தால் வாயைத் திறந்து கேட்பாள். இவை கேட்காது, கெட்டுப்போகும். வாத்தியாரின் ரயில் வருவதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு உலையும் வைத்துவிடுவாள். இதைச் சுமையென்று அவள் சொல்லாமலும் இல்லை. “உங்க குப்பையத் துடைச்சே என் ஆயுசு போவுது” என்று வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே, தூசி தட்டுவது எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே குருத்தோலை. குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையை மற்றவர்கள் ஒரு சின்னச் சிலுவையாக மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகுவார்கள். அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை கேட்டு வாங்கிப் போய், அன்றைக்கு நெற்றியில் பூசக் கொளுத்திச் சாம்பலாக்குவார். கதை அதோடு முடிந்தது. வாத்தியாரோ ஒரு கட்டு ஓலையையே தூக்கி வருவார். கிளி, மயில், ஆளுயரச் சிலுவை என்று இரண்டு நாள் உட்கார்ந்து பின்னுவார். அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கோயில்பிள்ளை வந்து கேட்டால், ஒரு துண்டு ஓலையைக் கையில் கொடுத்து, மீதியெல்லாம் கலை என்று அனுப்பிவிடுவார். இப்படியே வருஷத்துக்கு ஒரு சுவர் நிறைந்தது. பழுத்துப் பூச்சி விழுந்தாலும் மந்திரித்த ஓலையைக் குப்பையில் போட முடியுமா? ஞானமேரி ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்து, வசம்புத் தூளைத் தூவி, மறுபடி மாட்டுவாள்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். வாத்தியாரோடு வேலை பார்ப்பவர்கள், கோயில் ஆட்கள், அவர்கள் சொல்லி வருகிற வேறு ஆட்கள். எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வளன் ஒவ்வொன்றையும் எந்த ஊரில் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார். ஞானமேரி காபித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘இதையெல்லாம் இவதான் பாத்துக்கறா.’ நாலு பேர் முன்னால் ஒரு தடவை அதை அவர் சொல்லிவிட்டால் போதும், இன்னும் இருபது வருஷம் எண்ணெய் தடவத் தயாராக இருந்தாள். டம்ளர்கள்தான் காலியாகித் திரும்பின.

2010இல் ஒரு மாதப் பத்திரிகைக்காரர் வந்து படமெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். ஆவணி மாதம் புத்தகம் தபாலில் வந்தது. மெர்லின் அப்போது பத்தாவது படித்தாள். சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தாள். ‘இத்தனையையும் எப்படிப் பராமரிக்கிறீர்கள்?’ என்று கேள்வி. ‘இயற்கைப் பொருளுக்குப் பராமரிப்பே வேண்டாம். அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்று பதில்.

ஞானமேரி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவர் சமாதானம் சொல்வார், அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. சரி, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்றோடு கையைக் கழுவினாள். உப்புத் தண்ணீர் இல்லை, வேப்பெண்ணெய் இல்லை, டூத் பிரஷ் இல்லை. சாயந்திரம் நாலரைக்கு வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தாள்.

ஐப்பசி மழை அவளுக்குத் துணை வந்தது. பத்தே நாளில் சுரைக்குடுக்கை விளக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. கோரைப்பாயின் ஓரம் கறுத்தது. ஜன்னலடியில் மூங்கில் மாவு விரலால் எழுதுகிற அளவுக்குச் சேர்ந்தது. இதோ கேட்கப் போகிறார், இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று அவள் பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வளன் விளக்கின் முன்னால் போய் நின்றார். குனிந்து பார்த்தார். ஞானமேரி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுச் சமையற்கட்டு நிலைப்படிக்கு வந்தாள். அவர் மெர்லினைக் கூப்பிட்டு, “பாத்தியா, இயற்கையே கோலம் போட்டுக்கினு இருக்குது” என்றார். பிறகு நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்து, அந்தப் பூஞ்சையை அப்படியே படமாக வரைந்தார். மூங்கில் மாவைக் காட்டினாள் ஞானமேரி, தாங்க மாட்டாமல். மூங்கிலுக்கும் வயசாகிறது இல்லையா, உதிரத்தான் செய்யும் என்றார்.

இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தலையில் அடித்துக்கொள்ளலாம். அதையும் அவர் வரைந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மார்கழிக்கு முன்னால் ஓலைச் சிலுவையில் ராமபாணப் பூச்சி ஏறியது. அங்கேதான் அவளுடைய வேலைநிறுத்தம் இடறியது. மூங்கிலை விடலாம், பிரம்பை விடலாம், மந்திரித்த ஓலையைப் பூச்சிக்குத் தின்னக் கொடுக்க முடியுமா? பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னால் சாமியார் என்ன நினைப்பார்? ஓலையை மட்டும் துடைப்பது, வேறு எதையும் தொடுவதில்லை என்று உறுதியோடுதான் பிரஷ்ஷை எடுத்தாள். சிலுவையைத் துடைத்தாள். அதற்குக் கீழே பாய் இருந்தது. பாயை ஒட்டித் தட்டி இருந்தது. மூன்று மாதமாகத் தொடாத குச்சிகளை ஒவ்வொன்றாக வேப்பெண்ணெயால் தடவியபோது அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. கிறிஸ்துமஸுக்குள் வீடு பழையபடி ஆனது. வளன் அதையும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் கழித்துத்தான் அந்த வேன் வந்தது.

மெர்லின் மேல்படிப்புக்கு ஹாஸ்டலுக்குப் போன வருஷம். வானூர் பக்கம் புதிதாகக் கட்டிய தங்கும் விடுதியிலிருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் வளன் சொல்லியிருந்தார். ஞானமேரி வழக்கம்போலக் காபிக்குப் பால் வாங்கி வைத்தாள். வந்தவள் கலைப்பிரியா என்ற இளவயதுப் பெண், விடுதியின் பொறுப்பாளர். அவளோடு இரண்டு ஆட்கள், கையில் சாக்கும் கயிறும். ஞானமேரி காபி கலந்து எடுத்து வருவதற்குள் அந்த ஆட்கள் சோபாவை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கியிருந்தார்கள்.

என்ன இது என்று கேட்டாள். எல்லாவற்றையும் விடுதிக்குக் கொடுத்துவிட்டதாகவும், அங்கே நூறு பேர் பார்ப்பார்கள் என்றும் வளன் சந்தோஷமாகச் சொன்னார். “நீதான குப்ப குப்பன்னு சொல்லிக்கினே இருந்த. போவட்டும், நீ சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்.”

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்தான். பத்தொன்பது வருஷமாக இது தொலையாதா என்று புலம்பியவள் அவள். ஆனால் சோபாவின் கால் தரையை விட்டு எழும்பியிருந்ததைப் பார்த்ததும் காபித் தட்டோடு அதன் பின்னாலேயே இரண்டடி போனாள்.

கலைப்பிரியா அதற்குள் ஜன்னலருகே போயிருந்தாள். தட்டியை விரலால் நீவி, முகர்ந்து பார்த்தாள். வளன் அவளிடம், அது மூங்கிலின் இயற்கை வாசனை, எத்தனை வருஷமானாலும் போகாது, அதுதான் நல்ல மூங்கிலுக்கு அடையாளம் என்று விளக்கினார். கலைப்பிரியா அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

“வேப்பெண்ணெ வாசனைங்க சார் இது. கடைசியா எப்ப போட்டீங்க?”

“எண்ணெயா? இதுக்கு எண்ணெல்லாம் போடறதில்லம்மா.”

“போன சனிக்கிழம போட்டது” என்றாள் ஞானமேரி. “பதினஞ்சு நாளுக்கு ஒரு தரம். மழைன்னா வாரா வாரம்.”

வளன் திரும்பினார். அவர் முகத்தில் நடிப்பு இல்லை. குழந்தை மாதிரி ஆச்சரியத்தோடு கேட்டார்.

“நீ எண்ணெ போடறியா மேரி?”

ஞானமேரி காபித் தட்டைக் கீழே வைத்தாள். இத்தனை காலமும் அவர் தன் வேலையை நாலு பேர் முன்னால் மறைக்கிறார், பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்தக் கோபத்திலாவது ஒரு நியாயம் இருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, அந்த வாசனையிலேயே சாப்பிட்டு, அந்த வாசனையிலேயே தூங்கி எழுந்திருக்கிறார். அடிபட்ட இடம் முதலில் மரத்துப்போகுமே, அவளுக்கு அப்படி இருந்தது.

ஆட்கள் சோபாவோடு நிலைப்படி வரைக்கும் போய்விட்டார்கள்.

“எறக்கி வையிங்க” என்றாள்.

அவர்கள் வாத்தியாரைப் பார்த்தார்கள். கலைப்பிரியா சங்கடத்தோடு, சார் கொடுப்பதாகச் சொல்லித்தான் வண்டி எடுத்து வந்ததாகச் சொன்னாள்.

“வாங்கனது அவருதாம்மா, இல்லன்னு சொல்லல. அவரு வாங்கனது எல்லாம் எப்பயோ உளுத்துக் கொட்டியிருக்கும். இப்ப நீ பாக்கறது பூரா என்னுது. என்னுத எவரும் எடுத்துக் குடுக்க முடியாது.”

கலைப்பிரியா ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர்கள் சோபாவை நடுக்கூடத்தில், சுவரைப் பார்த்தபடி தப்பாக இறக்கிவிட்டுச் சாக்கைச் சுருட்டினார்கள். ஆறிப்போன காபியை மூன்று பேரும் மரியாதைக்குக் குடித்தார்கள். போகும்போது கலைப்பிரியா எண்ணெயும் மண்ணெண்ணெயும் என்ன அளவு என்று ஞானமேரியிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். வேன் காலியாகப் போனது.

வளன் ஜன்னலுக்குப் போய்த் தட்டியில் ஒரு குச்சியைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். அடுத்த குச்சியைத் தொட்டார். பிறகு கோரைப்பாயை, விளக்கை, ஓலைச் சிலுவையை, அந்த யானையா ஆமையா என்று தெரியாததை, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் அவள் பக்கம் திரும்பினார்.

“அப்ப, இத்தினி வருஷமும்…” என்றார்.

மீதியை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து, அவரே சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.