சாப்பிடும் முன் ஒரு போட்டோ

போன வியாழக்கிழமை நான் பாஸாகிவிட்டேன். நாலாம் வகுப்போடு நின்றவனுக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? வரவில்லையே... ஏன்?

முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் எட்டுக் கிலோ குறைக்கச் சொல்லி, டாக்டர் என்னை மும்பை செம்பூரில் ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பியிருந்தார். பெயர் ஸ்ருதி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், என் மகளைவிடச் சின்னவள்; தமிழில் இந்தி கலந்து பேசுவாள். கொழுப்பு, கலோரி என்று ஆரம்பித்தாள்.

"ஏம்மா, எண்ணெயப் பத்தி எனக்கா சொல்லித் தாரே?"

வெறும் பேச்சில்லை. தாராவியில் ஒற்றை அடுப்பில் முறுக்கு போட ஆரம்பித்து, பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுத்தவன் நான். சட்டியில் ஊற்றும் முன் எண்ணெயை நிறுப்பேன். சுட்டு முடித்ததும் நிறுப்பேன். எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் முறுக்கு குடித்தது. இதை எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்?

"சூப்பர் அங்கிள்! அப்போ முறுக்கை விட்டுடுங்க."

விட்டேன். ஒரு மாதம் கழித்து மெஷினில் ஏறினால்... அரைக் கிலோ கூடியிருந்தது!

"சாயங்காலம் க்யா காத்தே ஹோ, அங்கிள்?"

"வறுத்த வேர்க்கடலை. ஒரு கிண்ணம். சொட்டு எண்ணெய் கெடையாது."

"நீங்க முறுக்குக்கு என்ன எண்ணெய் யூஸ் பண்ணீங்க?"

"கடலெண்ணெ..." — பாதியிலேயே வாயை மூடிக்கொண்டேன்.

டின் டின்னாக வாங்கியவன், அது எதை ஆட்டி வந்தது என்பதை மறந்துவிட்டேன்! கடலை நல்லதுதானாம், ஆனால் ஒரு கைப்பிடி போதுமாம். மாவுச்சத்து, புரதம் என்றால் கிராமுக்கு நாலு கலோரி. கொழுப்பு என்றால் ஒன்பது. நல்ல கொழுப்பாக இருந்தாலும் அதே ஒன்பதுதான்.

"இனிமே உங்களை நம்ப மாட்டேன். சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க. மூணு வேளையும்!"

மனைவி போய் மூன்று வருஷம். நான் தட்டில் சாப்பிட்டு எத்தனை நாள் இருக்கும்? அடுப்படியில் நின்றபடியே வாணலியிலிருந்து எடுத்துத் தின்பேன். புனேயில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் கேட்பாள் — "சாப்பிட்டாச்சாப்பா?" "ஆச்சு" என்பேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்க ஆளில்லை.

போட்டோவுக்காகத் தட்டை எடுத்தேன். ஓரத்தில் நாலு கேரட் வைத்தேன். பதில் வரும் — "மஸ்த், சூப்பர் அங்கிள்!" "தேங்காய் ஜாஸ்தி!" ஒருநாள் மறந்துவிட்டேன். இரண்டு மணிக்கு மெசேஜ்: "லஞ்ச் எங்கே, அங்கிள்?"

அதை நாலு தடவை படித்தேன். என் சோற்றைத் தேடி ஒரு ஆள்!

போன வியாழன், எட்டுக் கிலோ குறைந்திருந்தது. ஸ்ருதி கை தட்டினாள். "பாஸ்! டாக்டருக்கு லெட்டர் குடுத்துடறேன். இனிமே போட்டோ வேணாம்."

"சும்மா அனுப்புதேன்... பழகிப்போச்சுல்லா?"

"எதுக்கு அங்கிள்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

தெரியும் என்று பீற்றிக்கொண்டவன் நான்தானே!

வெள்ளிக்கிழமை தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சனிக்கிழமை மறுபடியும் வாணலி. ஞாயிறு — "சாப்பிட்டாச்சாப்பா?" "ஆச்சு."

திங்கள் காலை ரயிலேறி மாட்டுங்கா போனேன். அங்கே ஒரு ஹோட்டலில், முன்பின் தெரியாத ஒருவருக்கு எதிரே இடம் கொடுத்தார்கள். நெய் ரோஸ்ட் சொன்னேன். முழ நீளம், மேலே வெண்ணெய்க் கட்டி. கலோரியைச் சொல்ல எனக்கே பயம். போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

தோசையை விள்ளக்கூட இல்லை, போன் அடித்தது.

"அங்கிள்! பாகல் ஹோ கயே க்யா? பைத்தியமா உங்களுக்கு? ஆபரேஷன் வரைக்கும் வெயிட் ஏறக் கூடாது! யார்கிட்டயாவது குடுத்துடுங்க. நாளைலேர்ந்து மறுபடியும் போட்டோ — மூணு வேளையும்!"

எதிரே இருந்தவர் பக்கம் தட்டைத் தள்ளினேன். "உங்களுக்கு?" என்றார்.

எனக்கு அப்போதே வயிறு நிறைந்துவிட்டது.