சித்தப்பாவின் சாஃப்ட்வேரும் விட்டுப்போகும் மூலையும்

மனித குலம் எழுத்தைக் கண்டுபிடித்ததே, பின்னொரு நாளில் சித்தப்பா ஸ்டிக்கர் கடை திறப்பார் என்பதற்காகத்தான். சொன்னவர் சித்தப்பாவேதான், வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

செல்போனில் கத்தினால்தான் தூரத்துக்குக் கேட்கும் என்று நம்புகிற ஆள். ஸ்டிக்கர் ஷீட்டில் எழுத்து வெட்டும் மெஷினை ஓட்ட அவர் கட்டி அழுத சாஃப்ட்வேரும் அவரைப் போலவே பழசு. எந்த ஷீட்டிலும் கடைசி மூலையை வெட்டாமல் விட்டுவிடும். சித்தப்பா சட்டைப்பையிலிருந்து பிளேடை உருவி அதை அறுப்பார். கேட்டால், கைவேலையாம்.

பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. புதியதில் அந்தக் கிழட்டு சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது. அவர் வரைந்த எழுத்தெல்லாம் அதற்குள்தான். ஆஸ்பத்திரிக் கதவுகளுக்குப் பெயர் வெட்டும் வேலை வேறு தலைக்கு மேல். அது ஓடாவிட்டால் கடையை மூடிவிட்டு மச்சினன் கடையில் ஆணி நிறுக்க வேண்டியதுதான்.

அவருடைய அண்ணன் மகள், படிப்பைப் பாதியில் விட்டவள், மவுஸைப் பிடுங்கினாள்.

"பழைய சிஸ்டம் மாதிரி நடின்னு இதுல ஒரு டிக் இருக்கு சித்தப்பா. போட்டா ஏமாந்து திறந்துடும்."

"என் சாஃப்ட்வேரை ஏமாத்துவியா? போடி இவளே!"

டிக் போட்டாள். ஏமாறவில்லை. எதைப் போட்டும் ஏமாறவில்லை. "சனி ஞாயிறு கடைப்பக்கம் வராதீங்க, சரியாயிடும்" என்று அவரை விரட்டினாள். புது சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றி, சாம்பல் நிறம் பூசி, பழைய சாஃப்ட்வேரின் சின்னத்தை அதன் நெற்றியில் ஒட்டினாள். குப்பைக்கூடையில் கிடந்த ஸ்டிக்கர் துண்டுகளைப் பார்த்து அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். நல்ல வேடிக்கை, இந்த மனுஷனுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?

தெரியவில்லை. திங்கட்கிழமை முழுக்க வந்தவன் போனவனிடமெல்லாம் அளந்தார்: "பாத்தீங்களா? பழசு பழசுதான்! புதுசெல்லாம் இதுகிட்ட கைகட்டி நிக்கணும்!" அவள் ஷீட் சுருளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசிக் கதவுக்கும் பெயர் வெட்டியாகிவிட்டது. சித்தப்பா பிளேடை எடுத்து மேஜைமேல் வைத்தார். உறைகூடப் பிரிக்கவில்லை.

"இன்னிக்கு இதுக்கு வேலையே இல்லை, பாத்தியா? எல்லா மூலையும் சுத்தமா வெட்டுது. முதல் ஷீட்லயே தெரிஞ்சுபோச்சுடி."

அவள் ஷீட் சுருளைக் கீழே வைத்தாள். "அப்புறம் எதுக்கு நாளெல்லாம் அந்தப் பீத்தல்?"

"நீ சிரிச்சிட்டிருந்தே, கெடுப்பானேன்னு விட்டேன். அது கிடக்கட்டும். என்னைக் கிண்டல் பண்ண ரெண்டு எழுத்து போதுமே. எதுக்குடி குப்பையைக் கிளறி அத்தனையும் வரைஞ்சே?"